அந்தச் சொல் எனக்குத் தெரியாது

வடவள்ளியில், மருதமலைக்குப் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு இருந்தது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, அங்கே பால் பாக்கெட் எடுக்க எழுந்தவர்கள் கதவின் கைப்பிடியைத் திருப்பினார்கள், கைப்பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள், வீட்டில் இருந்தவர்களை எழுப்பி அவர்கள் பங்குக்கும் இழுக்கச் சொன்னார்கள், கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், திட்டியதும் கதவு பேசியது.

"அந்தச் சொல் எனக்குத் தெரியாது."

ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது. நாள் முழுக்க ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பவரின் குரல் போல, கோபமில்லாமல், அக்கறையும் இல்லாமல் இருந்தது.

இரண்டாம் மாடியில் நவமணி சர்க்கரை எடுக்க அடுப்படி அலமாரியை இழுத்தபோது அலமாரியும் அதையே சொன்னது. மற்ற வீடுகளில் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள், பூட்டு ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டார்கள். நவமணி மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எழுதுகிற தமிழில், எழுத்தெழுத்தாக, "அலமாரியைத் திற" என்றாள். அலமாரி திறந்தது. அந்தக் கதவுகள் பேசிய வாக்கியம் அவள் எழுதிய வாக்கியம்.

நவமணிக்கு முப்பத்தேழு வயது. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்தாள், மிச்ச நேரத்தில் மூன்று வருடமாகத் தனி ஆளாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தாள். படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்து. 'நீங்கள் ஓர் அறையில் இருக்கிறீர்கள். கதவு சாத்தியிருக்கிறது' என்று திரையில் வரும். விளையாடுகிறவர் 'கதவைத் திற' என்று தட்டச்சு செய்ய வேண்டும். விளையாட்டுக்குப் புரிந்தால் கதவு திறக்கும், புரியாவிட்டால் அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று பதில் வரும். அறை, நடை, படிக்கட்டு, முற்றம், எல்லாவற்றையும் தாண்டினால் கடைசியில் ஒரு வாயிற்கதவு. 'தாழ்' என்று பெயர் வைத்துச் சித்திரையில் வெளியிட்டாள். இருநூறு பேர் போல விளையாடினார்கள், நாற்பத்தோரு பேர் கடிதம் எழுதினார்கள், நாற்பத்தோரு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எல்லாம் அருமை, ஆனால் அந்தக் கடைசிக் கதவை எப்படித் திறப்பது? நவமணி எல்லாருக்கும் ஒரே பதில் போட்டாள். வழி இருக்கிறது, தேடுங்கள்.

வழி இல்லை. வாயிற்கதவு வரைக்கும் எழுதிக்கொண்டு வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். என்ன சொல்லித் தட்டினாலும் 'வாயிற்கதவு உங்களைப் பார்க்கிறது' என்று ஒரு வரி வரும்படி செய்துவிட்டு, பிறகு எழுதலாம், பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டு, எழுதாமலே வெளியிட்டும் விட்டாள்.

அவள் ஏன் அங்கே நின்றாள் என்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய அம்மாவைக் கொண்டுபோன அன்று, பெண்கள் கேட்டோடு நின்றுக்கோணும் என்று யாரோ சொன்னார்கள். நவமணி நின்றாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றாள், திரும்பிய பிறகும் நின்றாள், பிறகு மாடியேறி வந்தாள், அதற்கப்புறம் அந்தக் கேட்டைத் தாண்டவில்லை. தாண்டக்கூடாது என்று சபதம் ஒன்றும் இல்லை. நாளைக்குப் போகலாம் என்று இருந்தாள், அவ்வளவுதான். காய்கறி வீட்டுக்கு வந்தது, வேலை வீட்டுக்கு வந்தது, மருந்து வீட்டுக்கு வந்தது. எப்போதும் விளக்கு எரிகிற வீடு என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்களே தவிர, உள்ளே இருப்பவள் வெளியே வருவதில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவள் தெரு தெரியாத, முற்றத்துப் பக்கப் பால்கனிக்குப் போய், மேலேயும் கீழேயும் கத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "கதவைத் திற, அப்படின்னு சொல்லுங்க. பேசற மாதிரி சொல்லாதீங்க, எழுதற மாதிரி சொல்லுங்க!" என்று கத்தினாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எல்லாரும் மாடிப்படியில் இறங்கி, பல் விளக்காத வாயோடு, கீழே கேட்டுக்கு முன்னால் கூடினார்கள். இரும்புக் கேட்டிடம் ஆளுக்கொரு விதமாகத் திற திற என்றார்கள். "வாயிற்கதவு உங்களைப் பார்க்கிறது" என்றது கேட். மூன்றாம் மாடி அந்தோணிதுரை, தூத்துக்குடிக்காரர், "பாக்கட்டும்ல" என்று லுங்கியை மடித்துக் கட்டி மதிலேறி வெளியே குதித்தார். குதித்தவர் முற்றத்திலேயே, வாழை மரத்தடியில், உள்ளே வந்து விழுந்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து கம்பியை அறுத்தார்கள். அறுத்த இடம் தண்ணீரில் போட்ட கோடு போல மூடிக்கொண்டது. அவர்கள் சாயங்காலம்வரை அறுத்துவிட்டு, காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் நடந்தது ஊர் உலகத்தில் நடப்பதுதான். இரண்டு நாள் அழுதார்கள், மூன்றாம் நாள் பழகினார்கள். கம்பி இடைவெளியில் சாமான் வந்தது, மனிதர்கள்தான் போக முடியவில்லை. இட்லி மாவுக்காரர் கேட்டுக்கு வெளியே குடை விரித்துக் கடை போட்டார். பள்ளிக்கூட வாத்தியார் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பி வழியே கணக்கு சொல்லிக்கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தாம்பூலத்தைச் சாய்த்து நுழைத்தார்கள். கதவுகளுக்காக எழுத்துத் தமிழ் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அது ஒட்டிக்கொண்டது. "மகனே, தட்டைக் கழுவு" என்று ஒரு தாய் சொல்ல, அவன் எதுவும் பேசாமல் கழுவினான் என்று பக்கத்து வீட்டில் ஆச்சரியப்பட்டார்கள்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வைரவன், காரைக்குடிப் பக்கத்தவர், எதையும் சுற்றறிக்கையாக மாற்றாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்தக் கதவுகள் நவமணியின் விளையாட்டிலிருந்து வந்தவை என்று அவள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டதும், அவள் வீட்டு வாசலில் ஒரு பிஸ்கட் டப்பாவை மாட்டி, 'குறைகளை எழுத்து மூலம் தெரிவிக்கவும்' என்று ஒட்டிவிட்டார். டப்பா தினமும் நிறைந்தது.

'திற என்றால் திறக்கிறது, மூடு என்றால் மூடுகிறது, சாத்து என்றால் தெரியாது என்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் கதவை மூடுவதில்லை, சாத்துவோம்.' 'ஃப்ரிட்ஜைக் குளிர்பதனப் பெட்டி என்று மூச்சு விடாமல் சொன்னால்தான் தயிர் கிடைக்கும் என்பது அக்கிரமம்.' 'நான் தொற என்கிறேன், தொறல என்கிறேன், தொறங்க ஐயா என்றுகூடச் சொல்லிவிட்டேன். குளியலறைக்கு உள்ளே நாற்பது நிமிடம். இப்படிக்கு அந்தோணிதுரை.'

நவமணி ஒவ்வொரு சீட்டையும் படித்து, கம்ப்யூட்டரில் அந்தந்தச் சொல்லைச் சேர்த்தாள். அவள் சேர்த்த கொஞ்ச நேரத்தில் கதவுகளுக்கும் அது தெரிந்துபோனது. சாத்து தெரிந்தது, தொற தெரிந்தது, ஃப்ரிட்ஜு தெரிந்தது. முன்பெல்லாம் அவளைப் படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போனவர்கள் இப்போது கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு எல்லாரும் ஒன்றே கேட்டார்கள்.

"அப்படியே அந்தக் கேட்டையும் பாத்துருங்களேன்."

"வழி இருக்குதுங்க. தேடிட்டிருக்கேன்" என்றாள் நவமணி.

நாற்பத்தோரு பேருக்குத் திரையில் சொன்ன பொய்யை முகத்துக்கு நேரே சொல்வது வேறு மாதிரி இருந்தது. ஒன்பதாம் நாள் அவள் உட்கார்ந்து வாயிற்கதவு திறக்கும் வரியை எழுதினாள். கீழே கேட் கிறீச்சிட்டுத் திறந்தது, குடியிருப்பே ஓ என்று கத்தியது. சட்டை மாட்டித் தயாராக நின்ற வைரவன் முதல் ஆளாக வெளியே கால் வைத்தார், வைத்த கால் முற்றத்தில் இருந்தது. மறுபடி வைத்தார், மறுபடி முற்றம். விளையாட்டில் கேட்டுக்கு வெளியே எதுவும் எழுதப்படவில்லை, எழுதாத இடத்தில் யார் போய் நிற்பது? நவமணி அன்று மத்தியானம் அவசர அவசரமாக நினைவிலிருந்து தெருவை எழுதினாள்: இடது கைப்பக்கம் ஒரு புளியமரம், அதையொட்டி சைக்கிள் கடை, எதிரே காலி மனை. வைரவன் திரும்பப் போனார். இந்தத் தடவை பத்தடி நடந்தார், பதினோராம் அடியில் எதிலோ மோதி, நெற்றி புடைத்துப் போய், முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டே நவமணி வீட்டுக்கு ஏறி வந்தார்.

"ஏம்மா, புளியமரத்துல முட்டிக்கிட்டேன். அந்த மரத்த வெட்டி மூணு வருசமாச்சே. சைக்கிள் கடை இப்ப போன் கடை. காலி மனையில நாலு மாடி எந்திரிச்சாச்சு. நீங்க இதையெல்லாம் பாக்கவே இல்லையா?"

வைரவன் ஐஸ் கட்டியை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்தார், வாசலோரம் ஒரு ஜோடி செருப்புகூட இல்லாததைப் பார்த்தார். சுற்றறிக்கை எதுவும் போடாமல் இறங்கிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து கேட் திறந்தே கிடந்தது, வெளியே போகத்தான் யாராலும் முடியவில்லை. மூடியிருந்த கேட்டைவிடத் திறந்து கிடந்த கேட் மனிதர்களை அதிகம் வதைத்தது. அந்தோணிதுரை அந்தப் பக்கம் பார்க்காமலே இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவரைப் பார்க்க வந்த மச்சினன் ஒருவன் உள்ளே கால் வைத்து அவனும் மாட்டிக்கொள்ள, அதிலிருந்து யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை.

இவ்வளவு நாளும் பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போடாத ஆள் ஒருவர் அங்கே இருந்தார். மயிலாத்தா. ஐம்பது வயது. குடியிருப்பின் படிக்கட்டைக் கூட்டுவாள், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள், அந்தத் திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கே வேலைக்கு வந்தவள் வீடு திரும்ப முடியாமல் மோட்டார் ரூமில் படுத்துக்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. அவள் 'தெற' என்பாள், கதவு தெரியாது என்னும். அவள் சண்டை போட மாட்டாள், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாராவது வந்து திறக்கும்வரை அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பாள்.

அவளுக்கு ஒரே மகள், தனம், தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, புருசன் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வருவாள். கேட் திறந்த பிறகு, அதன் இந்தப் பக்கம் மயிலாத்தாவும் அந்தப் பக்கம் தனமுமாக, நடுவில் கேட் உருளுகிற இரும்புத் தண்டவாளத்தைத் தாண்டாமல், தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். மயிலாத்தா கையை மட்டும் நீட்டி மகளின் வீங்கிய பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

"நீ வராம நான் பெத்துக்க மாட்டேன்" என்பாள் தனம்.

"அதென்ன உன்ற கையிலயா இருக்குது? வாரேன் சாமி, வந்துருவேன்" என்பாள் மயிலாத்தா.

பதினாறாம் நாள் விடிந்து காப்பிக் கடை திறக்கிற நேரத்தில், மாப்பிள்ளை கேட்டுக்கு ஓடிவந்து, வலி எடுத்துவிட்டது, தொண்டாமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினான். மயிலாத்தா இரண்டு மாடி ஏறி நவமணியின் கதவைத் தட்டினாள்.

"தெறங்க அம்மிணி."

"அந்தச் சொல் எனக்குத் தெரியாது" என்றது கதவு.

"தெறங்க, தெறங்க, தெறங்க."

"அந்தச் சொல் எனக்குத் தெரியாது."

உள்ளே நாற்காலியில் இருந்த நவமணிக்கு இரண்டு குரலும் கேட்டது. தூத்துக்குடிக்குச் சேர்த்தாள், காரைக்குடிக்குச் சேர்த்தாள், தன் அம்மாவே வாழ்நாள் முழுக்கச் சொன்ன 'தெற'யைச் சேர்க்கவில்லை; யாரும் சீட்டில் எழுதிப் போடவில்லை, அதனால் சேர்க்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"தனத்துக்கு வலி வந்துருச்சுங்க. வழி தேடிட்டிருக்கறேன்னு சொன்னீங்களே, சிக்குச்சுங்களா?"

"இல்லீங்க்கா."

"எப்பச் சிக்குமுங்க?"

"வழியே இல்லைங்க்கா. நான் எழுதவே இல்லை. தேடறேன்னு சொன்னதெல்லாம் பொய்."

"பதினாறு நாளா மோட்டார் ரூமுல படுத்திருக்கறனுங்க" என்றாள் மயிலாத்தா. குரல் உயரவில்லை. "கொசு புடுங்குது. நீங்க தேடறீங்கன்னுதான் படுத்திருந்தேன். ஏனுங்க எழுதல?"

"வெளிய எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க்கா. நாலு வருசமா நான் கேட்டைத் தாண்டல."

"எனக்குத் தெரியுமுங்களே" என்றாள் மயிலாத்தா, கொஞ்சம் எரிச்சலாகவே. "தெனமும் நாந்தான் நடக்கறேன். என்னையக் கேட்டிருக்கலாமில்ல?"

நவமணி, தரையில் உட்காரப் போன மயிலாத்தாவை நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். மயிலாத்தா கண்ணை மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். "கேட்டத் தாண்டுனா கால்ல சல்லி குத்துமுங்க, செருப்புப் போட்டிருந்தாலும் குத்தும். எடது பக்கம் போன் கடை, ஷட்டரு பாதிதான் ஏத்திருப்பான். அப்பறம் ஒரு வெள்ள நாயி, கடிக்காது, ஆனா கூடவே வரும், மொனை வரைக்கும் வந்துட்டு நின்னுக்கும்." நவமணி அவள் சொன்னதை அப்படியே, எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல், சல்லியைச் சல்லியாகவும் மொனையை மொனையாகவும் எழுதினாள். டீக்கடை வந்தது, மின்கம்பம் வந்தது, பஸ் ஸ்டாப்பில் முதுகு உடைந்த சிமெண்ட் பெஞ்சு வந்தது, பஸ் வந்தது, பஸ்ஸில் வலது பக்க ஜன்னலில் மலை கூடவே வந்தது, சோளக்காடும் பாக்குத்தோப்பும் வந்தன. கதவுக்கு வெளியே வைரவனும் அந்தோணிதுரையும் மற்றவர்களும் வந்து கூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், தாங்கள் தினம் காரில் கடந்த சாலையை இப்போதுதான் பார்க்கிறவர்கள் போல. ஆஸ்பத்திரி வந்தது. "உள்ள போனா டெட்டால் வாசம். வலது கைப்பக்கம் மூணாவது ரூமு. தனத்தை நான் அங்கதான் பெத்தேன். சன்னலுக்குக் கீழ தண்ணிக் கொழா, சொட்டிக்கிட்டே இருக்கும்."

"அப்பறம்ங்க்கா?"

"அப்பறம் எம்புள்ள" என்றாள் மயிலாத்தா, கண்ணைத் திறந்து எழுந்தாள்.

பதினோரு மணி இருக்கும். எல்லாரும் கீழே ஓடினார்கள். மயிலாத்தா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். சல்லி குத்தியது, முகத்தைச் சுளித்தாள், அதைப் பார்த்ததும்தான் கூட்டத்துக்கு உயிர் வந்தது. போன் கடை, வெள்ளை நாய், மொனை. நாய் அங்கே நின்றுகொண்டது, மயிலாத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் மறைந்தாள். தனத்துக்கு மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா கை பக்கத்தில் இருந்தது.

மற்றவர்களும் அன்றே வெளியே போனார்கள், ஆனால் இருந்தது ஒரே ஒரு வழி, மயிலாத்தாவின் வழி. வங்கிக்குப் போக வேண்டியவரும், ரயிலைப் பிடிக்க வேண்டியவரும், வெறுமனே வீட்டை விட்டு ஓட நினைத்தவரும், எல்லாரும் அந்தப் பஸ்ஸில் ஏறி, சோளக்காடு தாண்டி, ஆஸ்பத்திரியில் வலது கைப்பக்கம் மூன்றாவது அறைவரை போய், தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் பாட்டுக்குப் போக முடிந்தது. அதற்கப்பால் உலகம் எப்போதும்போல இருந்தது. வைரவன் வேட்டி சட்டையோடு, ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார். நர்ஸ் ஆட்களைக் கண்டு சலித்துப்போய் வரிசையில் வரச் சொன்னாள்.

நவமணி போகவில்லை. நாற்பத்தோரு பேருக்கும் தனித்தனியாக, நான் சொன்னது பொய், வழி இருக்கவில்லை, இப்போது இருக்கிறது, அதைச் சொன்னவர் மயிலாத்தா என்று கடிதம் எழுதினாள். பகலில் காலியாகிப்போன குடியிருப்பில் கதவுகளின் குரல் நாளுக்கு நாள் மங்கியது, நான்காம் நாள் அவை வெறும் கதவுகளாகிவிட்டன. பழக்கதோஷத்தில் சிலர் மட்டும் திற என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினார்கள்.

குழந்தை பிறந்த எட்டாம் நாள் காலை மயிலாத்தா வேலைக்கு வந்தாள். நேரே இரண்டாம் மாடிக்கு வந்து, "அம்மிணி, ஒன்னு உட்டுட்டனுங்க" என்றாள். "டீக்கடை தாண்டி ஒரு குழி இருக்குது. எனக்குப் பழகிப்போச்சு, சுத்திப் போயிருவேன், அதனால சொல்லத் தோணல. வைரவன் சார் அதுல கால உட்டு கணுக்கால் வீங்கிக் கெடக்கறாரு. அதைய எழுதிப்போடுங்க."

"எவ்வளவு ஆழம்ங்க்கா?"

"இருக்கும், முழங்காலுக்கு."

"அகலம்?"

"அதெல்லாம் அளந்தா பாத்தேன்?" என்றாள் மயிலாத்தா. "போயிப் பாத்துக்கங்க. அந்தா, மொனைக்கு அந்தப் பக்கம்." விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டாள்.

நவமணி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து 'டீக்கடை தாண்டி ஒரு குழி' என்று எழுதினாள். அதற்கு மேல் எழுத வரவில்லை. எழுந்தாள். அலமாரிக்கு அடியிலிருந்து பழைய செருப்பை இழுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு, யோசித்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்து, படியிறங்கி, நடையை நிறுத்தாமலே கேட்டைத் தாண்டினாள். சல்லி குத்தியது. நாய் கூட வந்தது. டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு டீ ஆற்றப் போனார். குழி அங்கே இருந்தது, நேற்றைய மழைத் தண்ணீரோடு. முழங்காலுக்கு வராது, கெண்டைக்கால் அளவு, அகலம் இரண்டு முறம். பார்த்தாகிவிட்டது, திரும்பலாம்.

குழியைச் சுற்றி வந்தபோதுதான் பார்த்தாள், இரண்டு மதிலுக்கு நடுவில் ஒரு சந்து பிரிந்து போனது. மயிலாத்தா அதைச் சொல்லவில்லை. நவமணி எழுதவில்லை. உள்ளே எங்கோ மாவு மில் ஓடும் சத்தமும், வறுத்த கம்பின் வாசமும் வந்தது. அவள் ஒரு காலை அந்தச் சந்தில் வைத்தாள், அழுத்திப் பார்த்தாள், தரை தரையாகவே இருந்தது. அடுத்த காலையும் எடுத்து வைத்தாள். வாசலில் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தலைநிமிர்ந்து, "யாரு வேணுமுங்க?" என்று கேட்டாள்.

"யாரும் வேண்டாமுங்க" என்றாள் நவமணி. "இந்தப் பக்கம் வந்ததில்ல. எது வரைக்கும் போகுதுன்னு பாக்கலாம்னு."

"அது போகுமுங்க, ரொம்ப தூரம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் அவள் நடக்க வசதியாகக் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.